தூளிகள் தொங்கிய வகுப்பறை

ஏஷியாட் விளையாட்டுப் போட்டிக்காக டில்லி முழுவதையும் தோண்டிப் போட்டிருந்த சமயம் அது. எண்பதுகளின் தொடக்கம், ஜனவரி மாதக் குளிர். நான் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கரோல் பாக்கில் ஒரு பஞ்சாபிக்காரர் வீட்டு மாடியில் எங்கள் குடித்தனம். அப்பாவுக்கு மத்திய அரசில் குமாஸ்தா வேலை. அறுபதைத் தாண்டிவிட்ட இந்த வயதிலும், பனிமூட்டத்தோடு விடிகிற எந்த டில்லிக் காலையிலும் எனக்கு யமுனைக்கு அக்கரையில் கட்டிய அந்த ஒற்றை அறைதான் முதலில் ஞாபகம் வருகிறது.

இன்றைக்கு மயூர் விஹார் இருக்கிறதே, அதற்கும் அந்தண்டை. அப்போது அங்கே கோதுமை வயலும் முள்காடும்தான். நடுவில் நம் தமிழ் ஆட்கள் ஒரு நூறு குடும்பம் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். ஊருக்கெல்லாம் மாடி கட்டுகிறவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று இருந்தது ஒரு கிழிந்த டென்ட். மழை பெய்தால் லீவு, கோடையில் லூ என்கிற அனல்காற்று அடித்தால் லீவு, பலமாகக் காற்று வீசினால் பிள்ளைகள் டென்ட்டைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும். சிரிக்காதீர்கள், நானே பார்த்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பறை கட்டிக் கொடுக்கக் கனடாவிலிருந்து ஒரு கிறிஸ்தவக் கல்லூரி மாணவர்கள் பதினான்கு பேர் வந்தார்கள். ஐந்து வாரம் தங்கி, தங்கள் கையாலேயே கட்டிக் கொடுத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. குடிசைக்காரர்களிலேயே ஒரு கொத்தனார் முன்நின்று வேலையை நடத்துவார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, இவர்களுக்குத் தமிழ் தெரியாது. எங்கள் கல்லூரியில் சமூக சேவைக்குப் பொறுப்பாக இருந்த மேடம் வகுப்புக்கு வந்து, தமிழும் இங்கிலீஷும் பேசத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். வகுப்பில் தமிழச்சி நான் ஒருத்திதான். எழுந்து நின்றேன்.

வீட்டில் அம்மா குதித்தாள். “செங்கல் சுமக்கறதுக்கா உன்னைக் காலேஜில சேர்த்தோம்? அதுவும் சர்ச்சுக்காராளோட! அஞ்சு வாரம் கழிச்சு நீ என்னவா திரும்பி வருவியோ, யார் கண்டா!”

அப்பா பேப்பரை மடிக்காமலே சொன்னார். “போயிட்டு வரட்டும், விடு. வெள்ளைக்காராளோட பேசிப் பழகினா இங்கிலீஷ் நன்னா வரும்.”

அப்பாவுக்கு இங்கிலீஷ் என்றால் அவ்வளவு மயக்கம். எனக்கும்தான்.

முதல் வாரத்திலேயே எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்னே? செங்கல் எத்தனை வேண்டும் என்று கேட்பதிலிருந்து ஒருவருக்குப் பல்வலி என்பது வரைக்கும் எல்லாம் என் வழியாகத்தான் போக வேண்டும். கழுத்தில் சிவப்பு மஃப்ளர், கையில் நோட்டு, “எக்ஸ்கியூஸ் மீ” என்று பதினான்கு பேர் பின்னால் வருகிறார்கள். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

அந்த மாணவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தங்கமான பிள்ளைகள். நாங்கள் ஸ்வெட்டர், சால்வை, மஃப்ளர் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருப்போம். அவர்கள் அரைக்கைச் சட்டையோடு நிற்பார்கள். “இது குளிரா? எங்கள் ஊரில் இதற்குப் பெயர் வசந்தம்” என்று சிரிப்பார்கள். கை முழுக்கக் கொப்புளம். அவர்கள் கட்டிய முதல் சுவர் கர்ப்பிணி மாதிரி நடுவில் பிதுங்கிக்கொண்டு நின்றது. கொத்தனார் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுக் காட்டினார். அவர்களே விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினார்கள். அவர்களுடைய தலைவர் அந்தக் கல்லூரியில் ஆசிரியர், நாற்பது வயதிருக்கும், சிவப்புத் தாடி. குடிசைப் பெண்கள் அவருக்குத் ‘தாடி சார்’ என்று பெயர் வைத்தார்கள். நாளடைவில் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

அங்கே எனக்குக் கிடைத்த சிநேகிதி கொத்தனாரின் மனைவி. அவளும் சித்தாளாக அங்கேயே வேலை செய்தாள். அவளுக்கும் என் வயதுதான். ஆனால் இடுப்பில் ஏழு மாதக் குழந்தை. முதல் நாள் நானும் செங்கல் தூக்குகிறேன் பார் என்று வீராப்பாகப் போனேன். பழைய துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, ஆறு செங்கல்லை என் தலையில் அடுக்கினாள். நாலு எட்டு வைத்தேன். ஆறும் கீழே.

“ஒனக்கு வாயிலதான் சுமக்க வரும் போல,” என்றாள். “நீ பேசு தாயி, நாங்க தூக்கிக்கிறோம்.”

கூட இருந்த பெண்களெல்லாம் அப்படிச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் பக்கத்தில்தான் உட்காருவேன். அம்மா கட்டிக்கொடுத்த இட்லியை அவள் சாப்பிடுவாள். அவளுடைய சோள ரொட்டியையும் முள்ளங்கிக் கீரையையும் நான் சாப்பிடுவேன். டில்லிக்கு வந்து மூன்று வருஷத்தில் அவள் இந்தியில் வெளுத்து வாங்கினாள். “ஜல்தி கரோ பையா” என்று அவள் மண் லாரிக்காரனை விரட்டுவதைப் பார்த்தால், இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குப் பொறாமையாக இருக்கும்.

சுவர் எழும்பிவிட்டது. தளம் போட வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. அந்தக் காலத்தில் சிமென்ட் வாங்க அரசாங்க பர்மிட் வேண்டும். இன்று வரும், நாளை வரும் என்று பத்து நாள் இழுத்துவிட்டது. மாணவர்கள் அந்தப் பத்து நாளும் பிள்ளைகளோடு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வழியாக ஒரு திங்கட்கிழமை காலை சிமென்ட்டும் வந்தது, தளமும் போட்டோம்.

அந்த நாளை என்னால் மறக்கவே முடியாது. கொத்தனார் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்துக் கற்பூரம் காட்டினார். பதினான்கு கனடாக்காரர்களும் பயபக்தியோடு கைகூப்பி நின்றார்கள். அப்புறம் தாடி சார் தம் வழக்கப்படி ஒரு பிரார்த்தனை சொன்னார். பெண்களெல்லாம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார்கள். என் அம்மா மட்டும் அங்கே இருந்திருந்தால், யார் யாரை மாற்றியது என்று குழம்பிப் போயிருப்பாள். கீழேயிருந்து மேல்வரை வரிசையாக நின்று கான்கிரீட் சட்டியைக் கைமாற்றினோம். ஒரு கை கறுப்பு, அடுத்த கை வெள்ளை, அதற்கடுத்த கை என்னுடையது. பொழுது சாய்வதற்குள் தளம் முடிந்தது. எல்லோருக்கும் ஆட்டுக்கறிச் சோறு, எனக்கு மட்டும் தயிர் சாதம்.

மறுநாள் தாடி சார் என்னைக் கூப்பிட்டார். திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை என்று எப்போதோ முடிவாகியிருந்தது. சாணக்யபுரியிலிருந்து கனடா தூதரக அதிகாரி ஒருவரின் மனைவி வந்து ரிப்பன் வெட்டுகிறார். திங்கட்கிழமை இவர்களுக்கு விமானம். பிள்ளைகள் நாற்பது பேரும் உள்ளே பாய் விரித்து உட்கார்ந்து பாட வேண்டும், அதை இவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆனால் உள்ளே தளத்தைத் தாங்கிக்கொண்டு ஒரு காடு மாதிரி முட்டுக் கம்புகள் நின்றன. ஞாயிறு காலையில் அவற்றை எடுத்துவிடலாமா என்று கொத்தனாரிடம் கேட்கச் சொன்னார்.

கேட்டேன்.

“ஆவாதும்மா,” என்றார் கொத்தனார். “நம்ம ஊரு வெயிலா இருந்தாக்கூட பதினாலு நாளாவது வெக்கணும். இங்க அடிக்கிற பனியில சிமிட்டி சீக்கிரம் இறுவாது. இருவத்தொரு நாளு ஆவட்டும்.”

நான் அதை அப்படியே சொன்னேன். பனி என்றதும் சுற்றி நின்ற மாணவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். இந்தப் பனியா! தாடி சாரும் சிரித்தார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நம் ஆட்கள் ஏதோ அசட்டுத்தனமாகப் பேசிவிட்ட மாதிரியும், அந்த அசடு என் மேலும் வழிகிற மாதிரியும். ஏதாவது வழி இருக்கிறதா என்று இன்னொரு தடவை கேளேன் என்றார் தாடி சார். அவர் முகத்தில் அவ்வளவு ஆசை.

மறுபடி கேட்டேன். கொத்தனார் கரணையைக் கழுவிக்கொண்டே சொன்னார். “ஆவாதுன்னா ஆவாதும்மா. பிரிச்சா தளம் உக்காந்துடும். கீழ இருக்கிறது புள்ளைங்க. வேணும்னா முட்டோடவே தொறந்துக்கச் சொல்லு.”

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லத்தானே எழுத உட்கார்ந்தேன். நான் தாடி சார் பக்கம் திரும்பி, “கஷ்டம்தான், ஆனாலும் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்” என்றேன். தாடி சார் முகம் மலர்ந்து கொத்தனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கொத்தனார் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். அவரிடம், “ஞாயித்துக்கிழமை காலம்பர அவங்களே பிரிச்சுக்கறாங்களாம், முடிவு பண்ணிட்டாங்க” என்று சொன்னேன். இரண்டு பக்கமும் பொய்.

ஏன் சொன்னேன்? விழா மேடையில் தூதரக அம்மாளின் பேச்சை மொழிபெயர்க்கப் போகிறவள் நான். கத்தரிப்பூ நிறத்தில் பட்டுப்புடவைகூட எடுத்து வைத்தாகிவிட்டது. அது ஒன்று. இன்னொன்று, அதைவிட மோசம்: எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனுஷர் பிடிவாதம் பிடிக்கிறார், வெளிநாட்டில் படித்தவர்களுக்குத் தெரியாததா என்று எனக்குள் ஒரு எண்ணம். பி.ஏ. சரித்திரம் படிக்கிற எனக்குக் கான்கிரீட்டைப் பற்றி என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது.

கொத்தனார் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். “நான் கை வெக்க மாட்டேன்.” அவர் தினக்கூலி. வேண்டாம் என்று தடுக்கும் அதிகாரம் அவருக்கு எங்கே இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எட்டு மணிக்குக்கூடப் பனி விலகவில்லை. மாணவர்கள் வேனிலிருந்து சம்மட்டியும் கடப்பாரையுமாக இறங்கினார்கள். நான் பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்களோடு நடந்தேன். வகுப்பறை வாசலில் என் சிநேகிதி காலை நீட்டி உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வழக்கமாகச் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தேன். முட்டுக் கம்புகளைக் குறுக்கே இணைத்திருந்த கட்டைகளிலிருந்து தூளிகள் தொங்கின. ஒன்றல்ல, இரண்டல்ல, ஒன்பது. சிவப்பு, பச்சை, கட்டம் போட்டது, பூப்போட்டது என்று பழைய சேலைகளில் கட்டிய ஒன்பது தூளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒன்றில் மட்டும் நாலு வயதுப் பெண் ஒருத்தி, கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கண்ணை இறுக மூடித் தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தாள். சுவரோரமாகத் தாய்மார்கள் உட்கார்ந்து ஆளுக்கொரு கயிற்றை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

கட்டட வேலைக்குப் போகிற நம் பெண்கள் வேலை நடக்கிற இடத்தில் தூளி கட்டுவது டில்லியில் எங்கும் பார்க்கிற காட்சிதான். குழந்தை தூங்குகிற தூளி தொங்கும் கட்டையில் எந்தக் கொத்தனாரும் கை வைக்க மாட்டார், எந்த மேஸ்திரியும் வைக்கச் சொல்ல மாட்டார். அது அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. அது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மாணவர்கள் அப்படியே குசுகுசுவென்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி ஷூவைக்கூடக் கழற்றினாள், சத்தம் கேட்கக் கூடாதாம். தாடி சார் என்னிடம், குழந்தைகளை வேறு இடத்துக்கு மாற்ற முடியுமா என்று கேள் என்றார். நான் குனிந்து என் சிநேகிதியிடம் கேட்டேன்.

அவள் பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீ அவங்ககிட்ட என்ன சொன்ன?”

“எப்போ?”

“செவ்வாக்கிழம. எங்க வூட்டுக்காரரு ‘ஆவாது’ன்னாரு. நீ இங்கிலீசுல சொல்லி முடிச்சதும் தாடி சாரு சிரிச்சிக்கினே கையப் புடிச்சாரு. ஆவாதுன்னு சொன்னா யாராச்சும் கையக் குலுக்குவாங்களா?”

நான் தாடி சார் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“அவங்க நல்லவங்கதான்,” என்றாள். “அவங்க காதுல வுழுந்திருந்தா சம்மட்டியத் தூக்கிக்கினு வர மாட்டாங்க. நீதான் எங்கியோ மாத்திட்ட. இப்ப நான் சொல்றத சொல்லு. ஒன்னுது ஒண்ணும் போடாத.”

எழுந்து உள்ளே போய்த் தளத்தின் ஒரு மூலையைக் காட்டினாள். அந்த மூலையில் மட்டும் தூளி எதுவும் இல்லை. முந்தின நாள் நான் பஸ் ஏறிப் போன பிறகு, மாணவன் ஒருவன் சும்மா பார்க்கலாம் என்று அங்கே இருந்த முட்டு ஒன்றைத் தட்டி எடுத்திருக்கிறான். அவர்கள் வேன் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் அங்கே தளம் விரிசல் விட்டிருந்தது. நகம் நுழைகிற அகலத்தில், முழ நீளத்துக்குக் கோடு. கொத்தனார் ஓடிவந்து முட்டுக் கம்பைத் திரும்ப நிறுத்தி ஆப்பு அடித்திருக்கிறார். “ஒண்ண எடுத்ததுக்கே இது,” என்றாள் அவள். “எல்லாத்தையும் எடுத்துட்டு நாப்பது புள்ளைங்கள கீழ உக்கார வெச்சி பாட்டுப் பாடச் சொல்றீங்களே, வுழுந்தா யாரு எடுப்பீங்க? முட்டு நிக்கிற வரைக்கும் பயமில்ல, அதான் எங்க கொழந்தைங்கள இங்க போட்டிருக்கோம். முட்டுல கைய வெக்கணும்னா இதுங்கள எழுப்பிட்டு வையுங்க.”

வரிக்கு வரி சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொல்லச் சொல்லத் தாடி சாரின் முகத்தில் ரத்தம் இறங்கிப்போனதைப் பார்த்தேன். முட்டுக் கம்பைத் தட்டிய அந்தப் பையன் “நான்தான்” என்று முன்னால் வந்து, விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு அழுதே விட்டான். இதைக் கொத்தனார் முன்பே சொன்னாரா என்று தாடி சார் என்னிடம் கேட்டார்.

“சொன்னார். செவ்வாய்க்கிழமையே சொன்னார். நான் மாற்றிச் சொல்லிவிட்டேன்,” என்றேன்.

அதைச் சொல்லி முடித்தபோது மஃப்ளர், நோட்டு, பட்டுப்புடவை எல்லாம் கழன்று விழுந்து வெறுமே நிற்கிற மாதிரி இருந்தது. பதினான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். யாராவது திட்டியிருந்தால்கூடத் தேவலை. தாடி சார் ஒவ்வொருவர் கையிலிருந்தும் சம்மட்டியையும் கடப்பாரையையும் வாங்கி, தாமே கொண்டுபோய் வேனில் வைத்துவிட்டு வந்தார்.

வந்தவர் என் சிநேகிதியிடம் ஒன்று கேட்கச் சொன்னார். இன்றைக்கு மேடையில் இந்தப் பெண்ணே மொழிபெயர்க்கலாமா, உங்களுக்குச் சம்மதமா? என்னைப் பற்றிய கேள்வியை நானே தமிழில் கேட்க வேண்டியிருந்தது. அந்த மாதிரி அவமானம் எதிரிக்கும் வரக் கூடாது.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அவளே பேசட்டும். இன்னிக்கி பொய் சொல்ல மாட்டா. சொன்னா மூஞ்சியிலயே எனக்குத் தெரிஞ்சிடும்.”

அதையும் மொழிபெயர்த்தேன். முதல் தடவையாகத் தாடி சார் லேசாகச் சிரித்தார்.

விழா வெளியே, வெயில் வந்த பிறகு நடந்தது. பிள்ளைகள் புல்தரையில் உட்கார்ந்து பாடினார்கள். தூதரக அம்மாள் வாசலில் ரிப்பனை வெட்டிவிட்டு உள்ளே பார்த்தவர், “இது என்ன, குழந்தைகள் காப்பகமா?” என்று கேட்டார். நான் காரணத்தைச் சொன்னேன், என் பங்கையும் சேர்த்து. முன்வரிசையில் எங்கள் கல்லூரி மேடம் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அந்த அம்மாள் குனிந்து உள்ளே போய், தூங்குகிற மாதிரி நடித்த பெண்ணின் தூளியை நாலு தடவை ஆட்டிவிட்டார். அவள் பொறுக்க முடியாமல் கிளுகிளுவென்று சிரித்துவிட்டாள். மாணவர்கள் ஆசைப்பட்ட போட்டோ கிடைக்கவில்லை. இந்தப் போட்டோதான் கிடைத்தது. மறுநாள் அவர்கள் ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

இருபத்தொன்றாவது நாள் யாரும் கூப்பிடாமலே நான் பஸ் பிடித்துப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. கொத்தனார் விரிசலைக் கொத்திப் பூசிச் சரிசெய்திருந்தார். எல்லோரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தாம் மட்டும் உள்ளே போனார். நடுவிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு முட்டாகத் தட்டி எடுத்தார். டொக், டொக் என்ற சத்தம் தவிர வேறு சத்தமில்லை. என் சிநேகிதி குழந்தையை இடுக்கிக்கொண்டு உதட்டைக் கடித்தபடி நின்றாள். கடைசிக் கம்பும் வெளியே வந்தது. தளம் அசையாமல் நின்றது. கொத்தனார் தளத்துக்குக் கீழே நடுவில் போய் நின்றார். கட்டியவர் முதலில் நிற்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாம். அடுத்து அவள் குழந்தையோடு போய் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்து, “வாயேன், என்ன அங்கியே நிக்கிற?” என்றாள். போய் நின்றேன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு என் பையில் ஒரு கடிதம் இருந்தது. தாடி சார் எழுதியது. எல்லோருக்கும் படித்துக் காட்டும்படி எனக்கு அனுப்பியிருந்தார், கூடவே தூளிப் போட்டோவும். புது அறையில் எல்லோரும் சாணித் தரையில் உட்கார்ந்துகொள்ள, நான் நின்றுகொண்டு படித்துத் தமிழில் சொன்னேன். கொத்தனாருக்கு நன்றி, பெண்களுக்கு நன்றி, அந்த ஆட்டுக்கறிக் குழம்பை மறக்கவில்லை, இப்படியெல்லாம். அப்புறம் ஒரு பத்தி: “கொத்தனார் மறுத்தபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். பாஷை தெரியாவிட்டாலும் அந்த முகம் எனக்குப் புரிந்தது. எனக்குப் பிடித்த பதில் வரும்வரை திரும்பக் கேட்டது நான்தான். தப்பு அந்தப் பெண்ணுடையது மட்டும் இல்லை.” அதையும் சொன்னேன். அதற்கடுத்த இரண்டு வரியை விட்டுவிட்டு, “இப்படிக்கு” என்று முடித்தேன்.

“இரு,” என்றாள் அவள். “எதையோ முழுங்கிட்ட.”

“ஒண்ணுமில்ல. முடிஞ்சுபோச்சு.”

“மூஞ்சியப் பாத்தா தெரியாதா எனக்கு? காயிதத்துல இருக்கிறத படிச்சிடு. எதுவா இருந்தாலும் படி.”

வேறு வழியில்லை. படித்தேன். “எல்லோர் முன்னாலும் ‘நான் மாற்றிச் சொல்லிவிட்டேன்’ என்று சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது. அவளுக்கு வந்தது. நான் இப்படிச் சொன்னேன் என்று அவளிடம் சொல்லுங்கள்.” என்னைப் பற்றி நானே அப்படி வாய்விட்டுப் படிக்கையில் முகமெல்லாம் சுட்டது.

அவள் மடியில் இருந்த குழந்தையின் கையைப் பிடித்துத் தட்ட வைத்தாள். பெண்களெல்லாம் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். நான் அழுதேன். நன்றாகவே அழுதேன்.

அடுத்த வருஷமே வேலை முடிந்து அவர்கள் வேறு எங்கோ போய்விட்டார்கள். அந்த வகுப்பறையும் இப்போது இல்லை. அந்த இடத்தில் பத்து மாடிக் குடியிருப்பு நிற்கிறது. நான் படிப்பை முடித்து ஒரு அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டேன். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வது என்ன பெரிய வேலை என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அந்தத் தளத்துக்குக் கீழே உட்காரவிருந்த நாற்பது பிள்ளைகளுக்கு இன்று ஐம்பதை ஒட்டிய வயதிருக்கும்; எங்கோ நன்றாக இருப்பார்கள். அதற்கு நான் காரணமில்லை, என் வயதுப் பெண் ஒருத்தி பெற்ற குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு வாசலை மறித்து உட்கார்ந்தாளே, அவள்தான் காரணம் என்பதை ஒரு நாளும் நான் மறந்ததில்லை.